கல்லைக் கண்டோம், ஊரைக் கண்டோமா?

திருநாட்டுப் பயணம் முடித்துத் திரும்புவோரை வரவேற்பது நம் ஊர்களில் ஒரு சிறு திருவிழா. இராயப்பன்பட்டியிலோ ஆனைமலையான்பட்டியிலோ அத்தகைய வீட்டுக்குச் சென்று பாருங்கள். ஒலிவ மரச் சிலுவை, யோர்தான் நீர் நிரப்பிய சிறு குப்பி, மந்திரிக்கப்பட்ட செபமாலைகள் ஆகியவை மேசைமேல் இருக்கும். உறவினர் கூடியிருப்பர். "என்னவெல்லாம் பார்த்தீர்கள்?" என்று கேட்டால் இடங்களின் பெயர்கள் தடையின்றி வரும். "அந்த ஊர்கள் எப்படி இருந்தன?" என்று கேட்டாலோ பேச்சு சற்றே தயங்கும். "வெயில் அதிகம், கடைக்காரர் தொல்லை அதிகம், பேருந்து வசதியாக இருந்தது" என்ற அளவில் விடை முடிந்துவிடும்.

இந்தத் தயக்கமே இக்கட்டுரையின் பொருள். நூலையும் நாடகத்தையும் திறனாய்வு செய்கிறோம், பயணத்தையும் செய்யலாம். ஏனெனில், குழுப்பயணமும் ஒருவகையில் எழுதப்பட்ட நூலே. எதைக் காட்டுவது, எதை விடுவது, எங்கே ஒரு மணி நேரம், எங்கே பத்து நிமிடம் என்று யாரோ முடிவு செய்து பயணநிரல் வகுத்திருக்கிறார். அந்நிரல் நம் கண்ணுக்கு எதைக் கற்பிக்கிறது என்று கேட்பது பயணிகளின் பக்தியைக் குறைகூறுவதாகாது.

வாழ்நாள் சேமிப்பைக் கொண்டு செல்லும் முதியோர் பலர். 2011-இல் அறிவிக்கப்பட்ட தமிழக அரசின் நிதியுதவித் திட்டமும் எளிய மக்கள் பலருக்கு வழி திறந்தது. அத்திட்டத்தின் பயணம் 10 நாள்களுக்கு உட்பட்டது. தனியார் குழுக்களின் நிரலும் பெரும்பாலும் அவ்வளவே. கெய்ரோ, சீனாய், எருசலேம், பெத்லகேம், கலிலேயா, நெபோ மலை என மூன்று நாடுகளை அதற்குள் அடக்க வேண்டும். விரைவு தவிர்க்க முடியாதது. ஆனால், விரைவு மட்டுமே இங்குக் குறையன்று. விவிலிய காலத்துக்கும் நம் பேருந்து நின்ற நேரத்துக்கும் இடையே அந்த மண்ணில் எவருமே வாழவில்லை என்பதுபோல் நிரல் அமைந்திருப்பதே குறை.

கெய்ரோவை எடுத்துக்கொள்வோம். உரோமையரின் பாபிலோன் கோட்டை வாயிலின்மேல் எழுப்பப்பட்டதால் 'தொங்கும் கோவில்' எனப்படும் அன்னை மரியாவின் ஆலயத்தைக் காட்டுகிறார்கள். திருக்குடும்பம் தங்கிய இடமென மரபு கூறும் நிலவறையைக் கொண்ட புனித செர்ஜியு ஆலயத்தையும் காட்டுகிறார்கள். நன்று. ஆனால், அங்கிருந்து நடந்தே செல்லக்கூடிய தொலைவில் கி.பி. 642-இல் நிறுவப்பட்ட அம்ரு பள்ளிவாசல் இருக்கிறது. ஆப்பிரிக்கக் கண்டத்தின் முதல் பள்ளிவாசலாகக் கருதப்படும் அது, பலமுறை இடித்துக் கட்டப்பட்டு இன்றும் தொழுகைக்குரிய இடமாகவே விளங்குகிறது. செர்ஜியு ஆலயத்துக்கு அருகிலேயே பென் எஸ்ரா என்னும் பழைய யூதத் தொழுகைக்கூடம் உள்ளது. கடவுளின் பெயர் எழுதிய தாளை அழிக்கலாகாது என்று அங்கு ஓர் அறையில் நூற்றாண்டுக் கணக்கில் போட்டுவைத்த ஓலைகளும் தாள்களும் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அறிஞர்களின் ஆய்வுக்கு வந்தன. ஏறத்தாழ நான்கு இலட்சம் துண்டுகள்! மலபார்க் கரையோடு மிளகு வாணிகம் செய்தோரின் 12-ஆம் நூற்றாண்டுக் கடிதங்களும் அவற்றுள் அடக்கம். குமுளி மலைப்பாதையில் மிளகும் ஏலமும் இறங்கி வருவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்த அறை அயலானதா? மேற்கு மலையின் மணம் கெய்ரோவின் சந்தைக்கு நம் முன்னோர் காலத்திலேயே போய்ச் சேர்ந்திருக்கிறது.

அதே நகரில் இபுன் தூலுன் பள்ளிவாசல் இருக்கிறது. 876-இல் தொடங்கி 879-இல் முடிந்த கட்டடம். பொன்னும் பளிங்கும் அங்குக் கண்ணைப் பறிப்பதில்லை. சுட்ட செங்கல்லின்மேல் சுண்ணப்பூச்சு. ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 92 மீட்டர் நீளமுள்ள திறந்த முற்றம். அதைச் சுற்றிக் கூர்முனை வளைவுகளின் வரிசை. மூன்று பக்கங்களில் வெளிமதிலுக்கும் உள்மதிலுக்கும் இடையே வெற்றிடம் விட்டிருக்கிறார்கள். சந்தை இரைச்சல் தொழுகைக்கு இடையூறாகாமல் காக்கும் இடைவெளி அது. அலங்காரத்தைவிட அளவும் நிழலும் அமைதியும் வழிபாட்டுக்கு உதவும் என்பதை அந்த முற்றத்தில் நிற்பவர் சொல்லாமலே உணர்வர்.

அக்கட்டடத்தைப் பற்றி அரபு வரலாற்றாசிரியர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை ஒன்று உண்டு. முந்நூறு தூண்கள் வேண்டும், அவற்றைக் கிறித்தவ ஆலயங்களிலிருந்து பெயர்த்தெடுக்க வேண்டும் என்று ஆளுநரிடம் கூறினார்களாம். அப்போது சிறையில் இருந்த கிறித்தவக் கட்டடக் கலைஞர் ஒருவர், தொழுகைத் திசையைக் காட்டும் மாடத்துக்கு இரு தூண்கள் போதும், மற்ற அனைத்தையும் செங்கல் தூண்களாலேயே நிறுத்திக் காட்டுகிறேன் என்று செய்தி அனுப்பினாராம். கதை முழுவதும் வரலாறாக இருக்க வேண்டியதில்லை. எனினும் அங்குள்ள பாரிய செங்கல் தூண்கள் இன்றும் கண்கூடு. ஒரு கிறித்தவரின் கைத்திறனால் ஒரு பள்ளிவாசல் எழுந்தது, அதனால் ஆலயங்களின் தூண்கள் தப்பின என்ற கதையை அந்நகர மக்கள் பேணி வைத்திருக்கிறார்கள். இதைக் கேளாமல் கெய்ரோவிலிருந்து திரும்புவது இழப்பு அன்றோ?

சீனாய் மலையடிவாரத்தில் 6-ஆம் நூற்றாண்டில் பேரரசர் ஜஸ்டீனியன் எழுப்பிய புனித கத்தரீனா மடத்துக்கு நம்மவர் தவறாமல் செல்கின்றனர். எரியும் முட்புதரின் வழித்தோன்றல் எனச் சொல்லப்படும் செடியைப் பார்க்கின்றனர். அதே மதிலுக்குள் மடாலயக் கோவிலுக்கு எதிரே ஃபாத்திமியர் காலத்துச் சிறு பள்ளிவாசல் ஒன்று நிற்பதைக் கவனித்தவர் எத்தனை பேர்?

எருசலேமில் இக்குறை இன்னும் கூர்மையடைகிறது. சிலுவைப்பாதையின் தலங்கள் கடைத்தெருவுக்குள் செல்கின்றன. "செபிக்கவிடாமல் வியாபாரிகள் கூவுகிறார்கள்" என்று பயணிகள் வருந்துவதுண்டு. ஆண்டவர் சிலுவை சுமந்த பாதை மட்டும் ஆளற்றுக் கிடந்ததா என்ன? பாஸ்கா விழாவுக்குத் திரண்ட கூட்டத்தின் நடுவிலல்லவா அவர் நடந்தார்! சந்தையின் இரைச்சல் அந்தப் பாதைக்கு அயலானதன்று.

ஆண்டவரின் திருக்கல்லறை ஆலயத்தின் ஒரே தலைவாயிலை நாள்தோறும் திறப்பவர் ஓர் இஸ்லாமியக் குடும்பத்தார். அதன் சாவியைக் காப்பவர் மற்றோர் இஸ்லாமியக் குடும்பத்தார். பல நூற்றாண்டுகளாகத் தொடரும் வழக்கம் இது. ஆலய உரிமையைப் பகிரும் கிறித்தவப் பிரிவுகளுக்கிடையே இருந்த பூசல்களுக்கு நடுநிலையாகவே இது நிலைத்தது என்பர். அந்தச் சாவி நமக்குப் பெருமையும் தருகிறது, வெட்கமும் தருகிறது. ஆலயத்துக்கு எதிரே உமர் பள்ளிவாசல். 7-ஆம் நூற்றாண்டில் நகரைக் கைக்கொண்ட கலீபா உமர் ஆலயத்துக்குள் தொழ மறுத்தார் என்பது மரபு. தாம் அங்குத் தொழுதால் பின்வருவோர் அதையே காரணமாக்கி ஆலயத்தைப் பள்ளிவாசலாக்கிவிடுவர் என்று அஞ்சினாராம். 692-இல் நிறைவுற்ற பாறைக் குவிமாடத்தின் விட்டம் ஏறத்தாழ 20 மீட்டர். திருக்கல்லறையின்மேல் அமைந்த குவிமாடத்தின் விட்டமும் ஏறத்தாழ அதுவே. இரு குவிமாடங்களும் ஒன்றையொன்று பார்த்தபடியே எருசலேமின் வானத்தைப் பங்கிட்டிருக்கின்றன.

அந்தப் பழைய நகரின் ஏரோது வாயிலருகே இந்தியருக்கான சத்திரம் ஒன்றும் உண்டு. பஞ்சாபைச் சேர்ந்த சூபி அருளாளர் பாபா பரீதின் நினைவோடு இணைந்த அந்த இடத்தில், நம் நாட்டு வம்சாவளியினர் 1924 முதல் பொறுப்பாளர்களாக இருந்து வருகின்றனர். நம் பேருந்துகள் அதைக் கடந்து செல்கின்றன!

இவற்றை எழுதுவதால் அரபு நகரங்களின் வரலாறு முழுவதும் இணக்கமே என்று எவரும் கொள்ள வேண்டாம். 1009-இல் கலீபா அல்-ஹாக்கிம் திருக்கல்லறை ஆலயத்தை இடித்தார். 1099-இல் சிலுவைப் போர்வீரர் எருசலேமில் இரத்த ஆறு ஓடச் செய்தனர். தமஸ்குவில் திருமுழுக்கு யோவானின் ஆலயம் இருந்த வளாகத்தில் இரு சமயத்தாரும் சில பத்தாண்டுகள் ஒரே மதிலுக்குள் வழிபட்டனர். பின்னர்க் கலீபா வலீது ஆலயத்தை அகற்றி, 715-இல் உமையாப் பெரும் பள்ளிவாசலைக் கட்டி முடித்தார். ஆயினும் யோவானின் தலை வைக்கப்பட்டதாகக் கருதப்படும் கல்லறை அப்பள்ளிவாசலின் தொழுகைக் கூடத்துக்குள்ளேயே இன்றும் போற்றப்படுகிறது. 2001 மே 6 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அங்கு நுழைந்தார். ஒரு திருத்தந்தை பள்ளிவாசலுக்குள் சென்றது அதுவே முதல்முறை. காயமும் மரியாதையும் ஒரே சுவரில் படிந்திருக்கும் இடம் அது. இத்தகைய சுவரைப் படிக்கக் கற்றுத்தராத பயணம் பாதிப் பயணமே.

அரபு நகரம் பேருந்துக்கு ஏற்றதன்று என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வெயிலைத் தடுக்க நெருங்கி நிற்கும் சுவர்கள். வளைந்து செல்லும் சந்துகள். தெருவுக்கு முகம் காட்டாமல் உள்முற்றத்தை நோக்கித் திறக்கும் வீடுகள். காற்றை விட்டுப் பார்வையை மறைக்கும் மரச் சல்லடைச் சாளரங்கள். கெய்ரோவில் தெருமுனைதோறும் அறக்கட்டளையாக நீர்ப்பந்தல் கட்டி, அதன் மாடியில் சிறுவர்க்குப் பள்ளி வைத்தார்கள். 1744-இல் கட்டப்பட்ட கத்குதாவின் நீர்ப்பந்தல் இன்றும் அதற்குச் சான்று. கீழே தாகத்துக்குத் தண்ணீர், மேலே அறிவுக்குக் கல்வி! இதைவிட அழகிய மறையுரை கல்லில் உண்டோ? ஆனால் இவற்றைக் காண நடக்க வேண்டும். பேருந்தின் கண்ணாடி வழியே காண இயலாது.

கட்டடத்தைவிடப் பெரிய இழப்பு மனிதரைக் காணாமை. பெத்லகேமில் பிறப்பு ஆலயத்துக்கு எதிரே ஒரே சதுக்கத்தில் பள்ளிவாசல் நிற்கிறது. அவ்வூர்க் கிறித்தவர் அரபு மொழியிலேயே திருப்பலி காண்கின்றனர்; கடவுளை 'அல்லாஹ்' என்றே அழைக்கின்றனர். இச்சொல்லைக் கேட்டு நம்மவருள் சிலர் திகைப்பதுண்டு. அவர்களுக்கோ அது தாய்மொழிச் சொல். ஆதித் திருச்சபையின் வழிவந்த அம்மக்கள் இன்று அங்கு எண்ணிக்கையில் அருகி வருகின்றனர். நம் குழுக்களோ தம் குருவோடு, தம் மொழியில், தனிப் பீடத்தில் திருப்பலி முடித்துப் புறப்பட்டுவிடுகின்றன. கல்லறையை முத்தமிட்டோம், உயிருள்ள கற்களைத் தாண்டி வந்துவிட்டோம்.

காணாததற்காக எவரும் அழுவதில்லை. 2013 ஏப்ரலில் அலெப்போ பெரும் பள்ளிவாசலின் 11-ஆம் நூற்றாண்டுக் கோபுரம் போரில் சரிந்தது. 2017 சூனில் மோசூலின் சாய்ந்த கோபுரம் தீவிரவாதிகளால் தகர்க்கப்பட்டது. நம்முள் எத்தனை பேரை அச்செய்திகள் தைத்தன? மோசூலில் யுனெஸ்கோ மேற்கொண்ட மறுகட்டுமானப் பணி அந்தக் கோபுரத்தோடு, தோமினிக் சபையாரின் மணிக்கூண்டு ஆலயத்தையும் தாஹிரா அன்னை ஆலயத்தையும் சேர்த்தே எழுப்பியது. 2021 மார்ச்சில் அந்த இடிபாடுகளின் நடுவே நின்றுதான் திருத்தந்தை பிரான்சிசு செபித்தார். 2023 அக்டோபரில் மூண்ட போருக்குப்பின் நம் பயணங்கள் தடைப்பட்டபோதும், "பதிவுப் பணம் திரும்புமா?" என்ற கேள்வியே முதலில் எழுந்தது. அந்தத் தெருக்களில் வாழ்வோர் என்ன ஆயினர் என்ற கேள்வி பிந்தியே வந்தது. அவர்களை நாம் கண்டதில்லை, அதுதான் காரணம்.

"நாங்கள் சுற்றுலாப் பயணிகள் அல்லர், திருப்பயணிகள். கட்டடக்கலையும் அரபு வரலாறும் எங்களுக்கெதற்கு?" என்று கேட்கலாம். நேர்மையான கேள்விதான். குவிமாடங்களை எண்ணி நிழற்படம் எடுத்துத் திரும்பும் கலைப்பயணக் குழுக்களிடமும் இதே குறை உண்டு. அவர்கள் தொழுகையாளரைத் தூணாகவே பார்க்கின்றனர். ஆனால், வாக்கு மனிதரானார், நம்மிடையே குடிகொண்டார் என்று அறிக்கையிடுவோர் நாம். குடிகொள்வது என்றால் தெரு, கிணறு, சந்தை, அண்டைவீடு எல்லாம் உண்டு. ஊரை வெறும் திரைச்சீலையாக்கிவிட்டு இடத்தை மட்டும் வணங்குவது அந்த மறைபொருளுக்கே பொருந்தாது.

இக்கண் நமக்குப் புதிதன்று. கீழக்கரைப் பழைய பள்ளிவாசலின் தூண்களில், உருவங்களை விடுத்து, கோவில் மண்டபத் தச்சின் கைவண்ணம் அப்படியே தெரிகிறது. நாகூர் தர்காவின் மிக உயர்ந்த கோபுரத்தை எழுப்பியவர் 18-ஆம் நூற்றாண்டில் தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாப சிங். கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் இராவுத்தர் வீடுகளோடு கொடுத்தும் வாங்கியும் வாழ்கிறோம். நம் கோவில் மணியும் பாங்கோசையும் ஒரே காற்றில்தான் வயல்களைக் கடக்கின்றன. ஆயினும், பக்கத்துப் பள்ளிவாசலின் முற்றம் எப்படி இருக்கும் என்று நம்முள் பலருக்குத் தெரியாது. எருசலேமில் காணத் தவறியதன் தொடக்கம் நம் தெருவிலேயே இருக்கிறது.

ஆதலால் பயணம் நடத்துவோருக்கு மூன்று வேண்டுகோள்கள். பத்து இடங்களில் இரண்டைக் குறைத்து, ஒரு முற்பகலேனும் பழைய நகருக்குள் நடக்க விடுங்கள். ஒரு ஞாயிறேனும் உள்ளூர்ப் பங்கு மக்களோடு, மொழி புரியாவிட்டாலும், திருப்பலியில் பங்கேற்கச் செய்யுங்கள். புறப்படுமுன் அந்நகரங்களின் கதையைப் பங்கில் ஒரு மாலை சொல்லிக் கொடுங்கள். செலவு கூடாது, பயன் பெரிது.

அடுத்தமுறை திரும்பி வருபவரிடம், யோர்தான் நீரைப் பெற்றுக்கொண்ட பின், "அந்த ஊரில் யாரைப் பார்த்தீர்கள்?" என்று கேட்போம். அவர் ஒரு பெயரைச் சொன்னால், அவருடைய பயணம் முழுமை பெற்றது என்று மகிழலாம்.