மகிழ மரத்தடியில் ஒரு சத்தியம்

தெரியாமல் செய்த பாவத்துக்கு மன்னிப்புக் கேட்பது சுலபம். "தெரியாம செஞ்சுட்டேன் சாமி" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டால் முடிந்தது. தெரிந்தே செய்தவன் என்ன சொல்வான்? அதுவும், சாமி எப்படியும் மன்னிச்சிடுவார் என்ற தைரியத்திலேயே செய்தவன்?

தைப்பூசம் நெருங்கும்போது இங்கே யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார்: "வருஷம் முழுக்க ஆட்டம் போட்டுட்டு, ஒரு நாள் பத்துமலையில காவடி தூக்கிட்டா சரியாப் போச்சா?" சொல்பவருக்கு அது கிண்டல். ஆனால் அந்தக் கிண்டலுக்குள் பழைய சிக்கல் ஒன்று இருக்கிறது. மன்னிப்பு நிச்சயம் என்றால் தண்டனைக்கு என்ன அர்த்தம்? தண்டனை நிச்சயம் என்றால் கருணைக்கு என்ன வேலை?

தமிழில் இந்தச் சிக்கலை நேருக்கு நேர் சந்தித்த கதை சுந்தரர் கதை என்று நினைக்கிறேன். சமய வகுப்பில் அதை 'தம்பிரான் தோழர்' கதையாக, சிவனின் திருவிளையாடலாகச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். சுந்தரரின் பதிகங்களையும் சேக்கிழாரின் பெரியபுராணத்தையும் அடுத்தடுத்து வைத்து வாசித்தால் அது அவ்வளவு இனிமையான விளையாட்டாக இல்லை.

முதலில் கதை. சுந்தரருக்குத் திருவாரூரில் பரவையோடு மணவாழ்க்கை இருக்கிறது. திருவொற்றியூருக்கு வந்தவர் அங்கே கன்னிமாடத்தில் இருந்து இறைவனுக்கு மாலை தொடுக்கும் சங்கிலியைப் பார்க்கிறார். சிவனிடம் போய் அவளைக் கேட்கிறார். சிவன் சங்கிலியின் கனவில் வந்து சொல்கிறார். சங்கிலி உடனே தலையாட்டிவிடவில்லை. அவர் ஆரூரில் மகிழ்ந்து வாழ்கிறவர் ஆயிற்றே என்கிறாள். மிக நியாயமான கேள்வி. உன்னைப் பிரிய மாட்டேன் என்று அவன் சத்தியம் செய்து தருவான் என்கிறார் சிவன்.

சத்தியம் செய்ய வேண்டும் என்று தெரிந்ததும் சுந்தரர் என்ன செய்கிறார் என்பதுதான் முக்கியம். அவர் சிவனிடம் இன்னொரு வேண்டுகோள் வைக்கிறார். நான் அவளோடு சந்நிதிக்கு வரும்போது நீங்கள் அங்கே இருக்க வேண்டாம், வெளியே மகிழ மரத்தடியில் போய் இருங்கள். அதாவது சாமி இல்லாத சந்நிதியில் சத்தியம் செய்தால் அது செல்லாது. காதலில் தடுமாறி வாக்குத் தவறுவது வேறு, இது வேறு. வாக்குக் கொடுப்பதற்கு முன்னாலேயே அதை மீறுவதற்கு வழி பண்ணிக்கொள்வது இது. சிவனும் சரி என்கிறார்.

பிறகு சிவன் மறுபடியும் சங்கிலியின் கனவில் வருகிறார். சந்நிதியில் அவன் சத்தியம் செய்ய வந்தால் ஒப்புக்கொள்ளாதே, மகிழ மரத்தடியில் செய்யச் சொல் என்கிறார். மறுநாள் தோழியர் அப்படியே கேட்கிறார்கள். சுந்தரருக்கு உள்ளுக்குள் உதறல். வேறு வழியில்லை. மரத்தை வலம் வந்து, சாமி உட்கார்ந்திருக்கும் இடத்திலேயே சத்தியம் செய்கிறார். மணம் முடிகிறது. வசந்தம் வருகிறது, தென்றல் அடிக்கிறது, ஆரூர் நினைவுக்கு வருகிறது. கிளம்புகிறார். ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போய்விடுகிறது.

இது சேக்கிழார் கற்பனையாகச் சேர்த்தது என்று நினைக்க வேண்டாம். சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டுக்காரர். அவருக்குச் சில நூற்றாண்டுகள் முன்னாலேயே சுந்தரர் தன் பதிகத்தில் இதைப் போட்டு உடைத்துவிட்டார். திருவெண்பாக்கத்தில் பாடிய பதிகத்தை எடுத்துப் பாருங்கள். மகிழின் கீழ்ப் போய் இருக்கச் சொன்னதையும், அங்கேயே சத்தியம் செய்யும்படி ஆனதையும் அவரே சொல்கிறார். அதைவிடப் பெரிய ஒப்புதல் ஒன்றும் அங்கே இருக்கிறது. பிழைகளை நீ பொறுத்துக்கொள்வாய் என்ற எண்ணத்தில்தான் நான் பிழை செய்தேன், நீயோ உனக்கு வரும் பழியைக்கூடப் பார்க்காமல் என் கண்ணை மறைத்துவிட்டாயே என்கிறார். தெரிந்து பாவம் செய்யும் பக்தனின் மனத்தை இதற்குமேல் வெளிப்படையாகச் சொல்ல முடியாது. அவருடைய பாவத்துக்குக் காரணம் நம்பிக்கையின்மை இல்லை. நம்பிக்கைதான் காரணம். கடவுளின் கருணையை அவ்வளவு நம்பினார்.

அங்கே அவருக்குக் கிடைக்கும் பதிலும் சாதாரணமானது இல்லை. கோயிலுக்குள் இருக்கிறாயா என்று கண் தெரியாமல் கேட்கிறார். இருக்கிறேன், நீ போ என்று பதில் வருகிறது. பகைவரைப் பார்த்ததுபோல் சொன்னார் என்று சுந்தரரே மனம் நொந்து பாடுகிறார். கையில் ஓர் ஊன்றுகோல் மட்டும் கிடைக்கிறது. காஞ்சியில் இடது கண். ஆரூரில் வலது கண். மன்னிப்பு ஒரே தடவையில் வரவில்லை. தவணை முறையில் வருகிறது.

ஆனால் ஆரூரில் பாடிய பதிகத்தில் சுந்தரரின் குரல் முற்றிலும் மாறிவிடுகிறது. இப்போது ஒரு கண் வந்துவிட்டது, மற்றது பாக்கி. விரும்பித்தானே உமக்கு ஆளானேன், நான் ஒரு குற்றமும் செய்யவில்லையே, ஏன் குருடனாக்கினீர், பழி உமக்குத்தான், மற்றக் கண்ணைத் தராவிட்டால் போகட்டும், நீர் நல்லா இரும் என்கிற தொனி. கோபத்தில் வாழ்த்துவது என்பார்களே, அது. வெண்பாக்கத்தில் பிழைத்தேன் என்றவர் ஆரூரில் பிழையே இல்லை என்கிறார்.

இந்த முரணை உரிமை, தோழமை என்று பக்தி மரபு ரசிக்கிறது. எனக்கும் அந்தக் குரல் பிடிக்கும். கடவுளிடம் இவ்வளவு உரிமையோடு சண்டை போடும் கவிஞர்கள் அதிகம் இல்லை. ஆனால் விமர்சனமாகப் பார்த்தால் ஒரு கேள்வி எழுகிறது. குற்றம் எப்படிக் காணாமல் போனது? இரண்டு பதிகத்திலும் இருப்பவர்கள் இரண்டே பேர்: நான், நீ. பக்தனும் கடவுளும் மட்டும் இருக்கும் இடத்தில் பிழை என்பது நட்புக்குள் வந்த ஒரு சச்சரவு. சச்சரவு தீர்ந்தால் பிழையும் தீர்ந்தது. சத்தியத்தை வாங்கிக்கொண்டவள் அந்த அறையிலேயே இல்லை.

சேக்கிழாரின் பெரிய சாதனை அவளை உள்ளே கொண்டுவந்ததுதான். பதிகத்தில் சங்கிலி ஒரு பெயர். புராணத்தில் அவள் கேள்வி கேட்கிறாள், தயங்குகிறாள். சுந்தரர் மகிழடியில் சத்தியம் செய்து முடித்ததும் அவள் சந்தோஷப்படவில்லை. இறைவன் பணித்ததால் இதைப் பார்க்க நேர்ந்ததே, நான் பாவி என்று கலங்கி, ஒரு பக்கமாக மறைந்து நின்று சோர்ந்துபோகிறாள். பொய்ச் சத்தியத்துக்குத் திட்டம் போட்டவர் அவர். 'பாவி' என்று தன்னைச் சொல்லிக்கொள்பவள் அவள். இந்த ஓர் இடத்துக்காகவே சேக்கிழாரைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

அவளை உள்ளே கொண்டுவந்ததால் தண்டனையின் பொருளும் மாறுகிறது. சிவன் ஏன் இரண்டாவது முறை கனவில் வந்தார்? தோழனுக்குக் கொடுத்த வாக்கையும் அவர் மீறவில்லை, மரத்தடியில்தான் போய் இருந்தார். அதே நேரம் அந்தத் தந்திரத்துக்கு உடந்தையாகவும் இருக்கவில்லை. சத்தியத்தைச் செல்லாக்காசாக்க சுந்தரர் போட்ட வழியை, சத்தியம் செல்லுபடியாகும் வழியாக மாற்றிவிடுகிறார். அப்படியென்றால் கண் போனது கடவுளின் கோபத்தால் இல்லை. சங்கிலிக்குக் கொடுத்த வாக்குக்குக் கடவுள் சாட்சியாக இருந்தார், சாட்சி தன் கடமையைச் செய்தது. தண்டனை என்பது பாதிக்கப்பட்டவளின் பக்கம் கடவுள் நிற்பது. இந்த வாசிப்பில் தண்டனைதான் நீதி.

இதோடு சேர்த்து வாசிக்க ஐரோப்பாவிலிருந்து ஒரு கதை. 14ஆம் நூற்றாண்டில் தாந்தே எழுதிய நரகத்தின் 27ஆவது காண்டத்தில் குயிதோ தா மொன்தெஃபெல்த்ரோ என்றொருவர் வருகிறார். போர்வீரராக இருந்து வயதான காலத்தில் துறவியானவர். எதிரிகளை ஏமாற்றி வீழ்த்த வழி கேட்கிறார் போப் எட்டாம் போனிஃபாஸ். பாவம் என்று அஞ்சுகிறாயா, இப்போதே உன்னை மன்னித்துவிடுகிறேன் என்கிறார். முன்கூட்டியே மன்னிப்பு! குயிதோ யோசனை சொல்கிறார்: வாக்கை நிறையக் கொடு, கொஞ்சமாகக் காப்பாற்று. அவர் செத்ததும் ஆன்மாவை அழைத்துப்போகப் புனித பிரான்சிஸ் வருகிறார். கூடவே ஒரு கறுப்புத் தேவதையும் வந்து நியாயம் பேசுகிறது. வருந்தாதவனுக்கு மன்னிப்பு இல்லை. ஒன்றைச் செய்ய விரும்பிக்கொண்டே அதற்காக வருந்தவும் முடியாது. முடிந்தது கதை, நரகம்.

சுந்தரரும் குயிதோவும் செய்தது ஒரே காரியம்தான். பாவத்துக்கு முன்னாலேயே விலக்கு வாங்கிக்கொண்டார்கள். குயிதோ போப்பிடம், சுந்தரர் கடவுளிடமே. இரண்டு இடத்திலும் அந்த விலக்கு செல்லவில்லை. தாந்தே தர்க்கத்தை வைத்து அதை ரத்து செய்கிறார். சேக்கிழார் ஒரு பெண்ணின் கனவை வைத்து ரத்து செய்கிறார். இரண்டில் சேக்கிழாரின் வழி எனக்கு ஆழமாகப் படுகிறது. தாந்தேயின் தேவதைக்கு ஏமாற்றப்பட்ட மக்களைப் பற்றி அக்கறை இல்லை, விதியைப் பற்றி மட்டும்தான்.

நவீன நாவல் எதிர்முனையிலிருந்து இதே இடத்துக்கு வருகிறது. கிரகாம் கிரீன் 1948இல் வெளியிட்ட 'தி ஹார்ட் ஆஃப் தி மேட்டர்' நாவலில் ஸ்கோபி என்ற கத்தோலிக்கப் போலீஸ் அதிகாரி, மனைவி சந்தேகப்படக்கூடாது என்பதற்காக, பாவமன்னிப்புப் பெறாமலேயே நற்கருணை வாங்குகிறான். தன் ஆன்மா அழியும் என்று முழுசாக நம்பிக்கொண்டே வாங்குகிறான். சுந்தரர் மன்னிப்பை நம்பிப் பாவம் செய்தார். ஸ்கோபி தண்டனையை நம்பிப் பாவம் செய்கிறான். ஆக, பாவத்தைத் தடுப்பதில் மன்னிப்பு, தண்டனை இரண்டுமே உதவவில்லை. நம்பிக்கை உள்ளவன் நல்லவனாகவும் இருப்பான் என்ற சுலபமான கணக்கை இரண்டு கதையும் கலைத்துவிடுகின்றன.

சரி, தண்டனையில் சங்கிலி இருக்கிறாள். மன்னிப்பில் இருக்கிறாளா? இங்கேதான் சேக்கிழாரோடு எனக்கு மனஸ்தாபம். கண்ணிழந்த சுந்தரரின் பாதை முல்லைவாயில், வெண்பாக்கம், காஞ்சி, ஆரூர் என்று நீள்கிறது. ஒற்றியூர் பக்கம் திரும்பவில்லை. ஆரூர் வந்ததும் பரவை கோபத்தில் கதவடைக்கிறாள். அவள் கோபத்தைத் தீர்க்கச் சிவனே நடுராத்திரியில் தெருவில் நடந்து தூது போகிறார், அதுவும் இரண்டு முறை. அற்புதமான காட்சி. ஆனால் மணத்துக்கு முன்னால் இரண்டு முறை சங்கிலியின் கனவில் வந்தவர், கணவன் போன பிறகு அவளுக்காக எந்தத் தெருவிலும் நடக்கவில்லை.

இதெல்லாம் முன்பே விதிக்கப்பட்டது என்று ஒரு பதில் உண்டு. கயிலையில் ஆலால சுந்தரர் இரண்டு பெண்கள்மேல் மனம் வைத்தார், அவர்கள்தான் பரவையாகவும் சங்கிலியாகவும் பிறந்தார்கள், கடைசியில் எல்லாரும் பழைய இடத்துக்கே திரும்பினார்கள். இது கதையின் சட்டகத்துக்குப் பதில், சங்கிலியின் கலக்கத்துக்குப் பதில் இல்லை. எல்லாம் விளையாட்டு என்றால் அவள் மறைந்து நின்று சோர்ந்ததை ஒரு பாட்டாக எழுத வேண்டிய அவசியம் சேக்கிழாருக்கு இல்லை.

மரபுக்குள்ளேயே இதைக் கேள்வி கேட்ட ஒருவர் இருந்தார் என்பதும் சுவாரஸ்யமானது. சங்கிலி கதை வருவதே அவர் பெயரில் உள்ள புராணத்தில்தான்: ஏயர்கோன் கலிக்காமர். கடவுளைத் தூது அனுப்பினானா என்று கொதித்து, சுந்தரர் கையால் நோய் தீர்வதைவிடச் சாவதே மேல் என்று வயிற்றைக் கிழித்துக்கொண்ட மனிதர். அவ்வளவு கோபக்காரர்கூடக் கடவுளின் மரியாதைக்காகத்தான் கோபப்பட்டார். ஒற்றியூரில் விடப்பட்டவளுக்காகக் கோபப்பட 63 பேரில் ஒருவர்கூட வரவில்லை.

கடவுள் மன்னிப்பாரா என்ற கேள்வியைவிட, கடவுள் மன்னித்த பிறகு பாதிக்கப்பட்டவருக்கு என்ன மிச்சம் என்ற கேள்விதான் பெரியது என்று இந்தக் கதை எனக்குச் சொல்கிறது. காவடிக் கிண்டலுக்கும் இதுதான் பொருந்தும். காவடி எடுப்பவரின் வலி பொய் இல்லை, வேண்டுதலும் பொய் இல்லை. ஆனால் அந்தக் கணக்கு அவருக்கும் முருகனுக்கும் நடுவில். வீட்டில் அடிவாங்கியவளுக்கோ காசை இழந்தவனுக்கோ அதில் பங்கு கிடைத்ததா என்று கேட்டால், அது பக்தியைக் குறைசொல்வது ஆகாது.

திருவொற்றியூர்க் கோயிலில் மாசித் திருவிழாவின்போது இன்றும் மகிழடி சேவை நடக்கிறது. சத்தியம் செய்த காட்சியை வருஷாவருஷம் நடத்திக் காட்டுகிறார்கள். கண் போன காட்சியையோ கண் வந்த காட்சியையோ அல்ல, வாக்குக் கொடுத்த காட்சியை அந்த ஊர் விடாமல் வைத்திருக்கிறது. சேக்கிழார் எழுதாமல் விட்ட பக்கத்தை அந்த ஊர்க்காரர்கள் தங்களுக்குத் தெரிந்த விதத்தில் நினைவு வைத்திருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. வாசிக்க விரும்புகிறவர்கள் வெண்பாக்கப் பதிகத்தையும் ஆரூர்ப் பதிகத்தையும் முதலில் வாசியுங்கள், பிறகு கலிக்காமர் புராணத்துக்கு வாருங்கள். சுந்தரரின் குரல் உங்களை மயக்கும், மயங்கலாம். சங்கிலி எந்தப் பாட்டோடு காணாமல் போகிறாள் என்பதை மட்டும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.