ஆதாரம் இல்லாத ஏழு பெயர்கள்

சி மேஜரை உருப்போட்டுவிட்டால் போதும். ரியில் தொடங்கினால் டோரியன், மாவில் தொடங்கினால் லிடியன், ஏழு மோடும் கைவசம். கிட்டார் வகுப்புகளில் இப்போது ஓடும் பாடம் இது. குறை சொன்னால், "நம்ம கிரக பேதம்தானே சார்" என்று வாயை அடைத்துவிடுகிறார்கள்.

பயன் இல்லாமல் இல்லை. தந்திக்கு மூன்று சுரம் என்று ஏழு வடிவங்கள் விரலில் ஏறினால் எந்த ஃப்ரெட்டிலும் திசை தப்பாது. அதோடு சரி.

ஒரு மாணவன் ஆறாம் தந்தியின் பத்தாம் ஃப்ரெட்டிலிருந்து டிக்கு டி ஏறி இறங்கி, "டோரியன் சார்" என்றான். கூடவே நான் சி மேஜர் கார்டை வாசித்துக்கொண்டிருந்தேன். காதில் விழுந்தது அப்பட்டமான சி மேஜர். கார்டை நிறுத்திவிட்டு நாலாம் தந்தியை வெறுமனே மீட்டினேன். டி கார்வையாக நிற்க, அதே சுரங்களை மறுபடி வாசிக்கச் சொன்னேன். எஃப் சாதாரண காந்தாரமாகக் குழைந்தது. சி கைசிகி நிஷாதம் ஆனது. கரகரப்பிரியாவின் சுரங்கள்! அவன் விரல் இருந்த இடத்திலேயேதான் இருந்தது.

இந்தப் பாடத்தில் அதிகம் அடிபடுவது மேஜரே. ஆறு பிள்ளை பெற்ற தாயாக்கி மூலையில் உட்காரவைத்துவிட்டோம். அதுவும் அயோனியன் என்ற ஒரு மோட் என்பது மறந்தேபோயிற்று. இத்தனைக்கும், 1547இல் கிளேரியானுஸ் தம் 'டோடெகாகோர்டன்' நூலில் சேர்க்கும்வரை மோடுகளின் பட்டியலில் அதற்கு இடமில்லை. பின்னால் வந்தவளுக்குத் தாய்ப் பட்டம்! சி கார்டின்மேல் எஃபை நிறுத்திப் பாருங்கள், கார்டிலுள்ள ஈயோடு உரசி, அதில் இறங்கத் தவிக்கும். லிடியனின் எஃப் ஷார்ப்புக்கு அந்தத் தவிப்பு இல்லை. அயோனியனின் குணம் அந்தத் தவிப்பில் இருக்கிறது, எட்டாம் ஃப்ரெட்டில் இல்லை.

1959இல் மைல்ஸ் டேவிஸ் பதிவுசெய்த 'ஸோ வாட்' 16 பார் டி டோரியனில் நகர்கிறது. அதைச் சி மேஜர் என்று எண்ணி வாசிப்பவன் பொழுதுக்கும் சியில் போய் இளைப்பாறுவான். அடியில் பேஸ் டியைச் சொல்லிக்கொண்டே இருக்கும். இப்படிப் படித்த ஒருவரும் டோரியனைக் காதால் கேட்டதில்லை என்பேன். கொஞ்சம் மிகைதான், இருக்கட்டும்.

கிரக பேதமா? தம்புரா பழைய சாவிலேயே ஒலித்துக்கொண்டிருக்க, ரிஷபத்தைப் புது ஷட்ஜமாகச் சபை ஏற்கும்வரை பாடகர் அதிலேயே நின்று, அதையே சுற்றிவந்து பாடுபடுகிறார். இங்கே இரண்டு ஃப்ரெட் தள்ளினால் வேலை முடிந்தது.