மொஸ்கோ மண்டபத்தின் தீர்ப்பு

மனோரதியப் பண்பு மிக்க இசையைத் தனிமனிதப் புலம்பல் என ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவோர் நம் முற்போக்கு அணியிலும் உளர். அத்தகையோர் 1958ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் மொஸ்கோ இசைக் கல்லூரியின் பெரிய மண்டபத்தில் நிகழ்ந்ததைச் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

முதலாவது சர்வதேச சைகோவ்ஸ்கி இசைப் போட்டியின் இறுதிச் சுற்று அது. மேடையேறியவர் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் வளர்ந்த வான் கிளைபர்ன், வயது 23. ஸ்புட்னிக் விண்ணேறி ஆறு மாதங்களே கழிந்திருந்தன. இரு வல்லரசுகளும் அணுகுண்டைக் காட்டி ஒன்றையொன்று அச்சுறுத்திய காலம்.

கிரில் கொண்ட்ராஷின் நெறிப்படுத்திய வாத்தியக் குழுவுடன் அவர் சைகோவ்ஸ்கியின் முதலாவது பியானோ கொன்சேட்டோவையும் ரஹ்மானினோவின் மூன்றாவதையும் வாசித்தார். முன்னையது முழக்கத்துடன் தொடங்குவது. கரகோஷத்தை எளிதிற் பெறுவது. நம்மைப் பெரிதும் கவர்வது பின்னையதே. அதன் தொடக்கத்தில் இரு கரங்களும் ஒரே மெட்டை, எவ்வித அலங்காரமுமின்றி, மெல்ல வாசிக்கின்றன. வித்தை காட்ட விழைபவன் இவ்விடத்தை விரைந்து கடந்துவிடுவான். கிளைபர்னின் ஒலிப்பதிவைக் கேட்பவர்க்கோ, ஒருவன் தனக்குள்ளே பாடத் தொடங்குவது போன்றே அது தோன்றும்.

இப்படைப்பின் வரலாறும் ஈண்டு நோக்கத்தக்கது. 1909இல் ருஷ்யாவில் எழுதப்பட்ட இது முதன்முதல் அரங்கேறியது நியூயோர்க்கில். அதே மொஸ்கோக் கல்லூரியிற் பயின்ற ரஹ்மானினோவ், 1917இல் தாய்நாட்டை விட்டு வெளியேறி, 1943இல் அமெரிக்காவிலேயே மறைந்தார். கிளைபர்னின் ஆசிரியை ரொசினா லெவீனும் அக்கல்லூரியிலேயே பயின்று, பின்னர் அமெரிக்காவிற் குடியேறியவர். ஆகவே அன்று மண்டபத்திலிருந்தோர் கேட்டது அந்நியன் ஒருவனின் குரலையன்று. தம்மைவிட்டுப் பிரிந்துபோன ஒரு மரபு வீடு திரும்பியதையே அவர்கள் கேட்டனர்.

எழுந்து நின்று ஏறத்தாழ எட்டு நிமிடம் கைதட்டினர். குருஷ்சேவின் இசைவு பெற்ற பின்னரே முதற் பரிசு வழங்கப்பட்டதென்பதைப் பலரும் சுவையான கதையாகக் கூறுவர். கிலெல்ஸும் ரிக்டரும் நடுவராயிருந்த போட்டிக்கு ஓர் அரசியல் தலைவரின் இசைவு வேண்டியிருந்ததாயின் அதிற் பெருமைப்பட எதுவுமில்லை. தீர்ப்பு அதற்கு முன்னரே மண்டபத்தில் வழங்கப்பட்டுவிட்டது.

நாடு திரும்பிய கிளைபர்னுக்கு நியூயோர்க்கில் வீதி ஊர்வலம். அவரது சைகோவ்ஸ்கி இசைத்தட்டோ பத்து இலட்சத்துக்கு மேல் விற்றது. மொஸ்கோ கலைஞனாக வரவேற்றவரைச் சந்தை பண்டமாக வரவேற்றது. இதை நாம் தயங்காமற் கூறுவோம். ஆயின் மற்றொன்றையும் தயங்காமற் கூறவேண்டும். அப்போட்டியின் இரண்டாம் பரிசைச் சோவியத் கலைஞர் விளாசென்கோவுடன் பகிர்ந்துகொண்டவர் சீனத்து லியூ ஷிகுன். கலாசாரப் புரட்சியின்போது அவர் சிறையிலிடப்பட்டார். பியானோ வாசித்த அந்தக் கை அடித்துச் சிதைக்கப்பட்டது. அடித்தவர்களும் புரட்சியின் பெயராலேயே அடித்தனர்.

1979இல் லியூ பொஸ்டன் வாத்தியக் குழுவுடன் வாசித்தார். அன்று அவர் வாசித்தது லிஸ்ட்டின் கொன்சேட்டோ. அதுவும் மனோரதிய இசையே.