வாய்தாவுக்கு வராதவர்

த.செ. ஞானவேல் இயக்கி 2021 நவம்பரில் வெளிவந்த ‘ஜெய் பீம்’ படத்தை, போன பொங்கல் விடுமுறையில் பொம்மசந்திராவில் எங்கள் வீட்டில் நாலைந்து குடும்பங்களாகக் கூடிப் பார்த்தோம். படம் முடிந்ததும் பக்கத்து வீட்டு நண்பர் சொன்னார்: “அந்தம்மாவுக்கு வக்கீல் கெடச்சாரு சார். எனக்கு வாய்தாவுக்குப் போக லீவே கெடைக்கல.”

அவர் கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர். இங்கே ஒப்பந்தத் தொழிலாளி. ஊரில் தம் தெருவார் நடக்கும் பொதுப்பாதையை மறித்தவர்கள் மேல் சிவில் வழக்குப் போட்டிருந்தார். ஷிப்டு மாற்ற முடியாமல் ஒரு வாய்தாவுக்குப் போகவில்லை, வக்கீலும் வரவில்லை. எதிர்த்தரப்பு வந்திருந்தது. வாதி ஆஜராகவில்லை என்று வழக்கு தள்ளுபடியாயிற்று. பாதை யாருக்கு உரியது என்ற கேள்விக்குள் கோர்ட் போகவே இல்லை.

இதை மனத்தில் வைத்து மறுபடி பார்த்தபோது படம் எனக்கு வேறாகத் தெரிந்தது. 1993-இல் விருத்தாசலம் பக்கம் நடந்த காவல்நிலையச் சாவே இக்கதைக்கு மூலம். வழக்கை நடத்தி, பின்னாளில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியான கே. சந்துரு நாயகராக நிறுத்தப்படத் தகுதியானவர்தான். ஆனால் வழக்கின் உயிர் செங்கேணியிடம் அல்லவா இருக்கிறது? வயிற்றுப் பிள்ளையோடு கோர்ட்டுக்கு வருகிறார். வழக்கை விட்டுவிட்டால் பணம் தருவதாகப் போலீஸ் உயரதிகாரி சொல்லும்போது மறுக்கிறார். என்னைப் பொறுத்தவரை அந்த மறுப்பே படத்தின் உச்சம். வாதாடும் காட்சிகளுக்குக் கிடைத்த இடம், அவர் எப்படி வந்து போனார், அன்றைய கூலி என்னவாயிற்று என்பதற்குக் கிடைக்கவில்லை. நான் காணும் குறை இதுதான்.

1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டம், வாதி வராவிட்டால் வழக்கைத் தள்ளச் சொல்கிறது. எதிர்வாதியைக் காலமெல்லாம் அலையவிடக் கூடாது என்பதில் நியாயம் உண்டு. ஆனால் உரிமை வழக்கு ஒருவருடைய சொந்த விஷயம் மட்டுமா? சிறையில் கிடந்த குழந்தைகளுக்காக வழக்குத் தொடுத்த பத்திரிகையாளர் ஷீலா பர்சே, தாமதம் பொறுக்காமல் அதைத் திரும்பப் பெற விரும்பினார். 1988-இல் உச்ச நீதிமன்றம் அதற்கு இசையவில்லை. அவரை விடுவித்து, சட்ட உதவிக் குழுவின் பொறுப்பில் வழக்கைத் தொடரச் செய்தது. 1981-இல் ரஃபீக் வழக்கிலோ, வக்கீல் வராததற்குக் கட்சிக்காரர் பலியாகக் கூடாது என்றது.

தள்ளுபடியான வழக்கை மீட்க 30 நாளுக்குள் மனுப் போட வேண்டும். நண்பருக்குச் செய்தி தெரியவே மூன்று மாதம் ஆகிவிட்டது. தகுந்த காரணம் காட்டித் தாமதத்தை மன்னிக்கக் கேட்கவும் வழியுண்டு. இரண்டு மனுவும் போட்டாயிற்று. அடுத்த வாய்தாவுக்கு ஓசூர் ரோட்டில் பஸ் ஏறும்போது நானும் அவரோடு போகிறேன்.