முன்கூட்டியே எடுக்கும் கால்

பிரேக் போட வேண்டிய இடம் வருவதற்கு நூறு மீட்டர் முன்பே அவர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுகிறார். அதைப் பார்த்துவிட்டு ‘பயந்துவிட்டார்’, ‘வயசாகிவிட்டது’, ‘சண்டைக்கு லாயக்கில்லை’ என்று பேசுகிறவர்களுக்காகத்தான் இந்த வாரப் பத்தி. பெயர் சொல்லப்போவதில்லை. 24 மணி நேரப் பந்தயங்களில் ஜிடி வகுப்பை விடாமல் பார்க்கிறவர்களுக்கு யாரைச் சொல்கிறேன் என்று இரண்டாவது வரியிலேயே தெரிந்திருக்கும். நான் அவர் கட்சி.

ஒரு ஓட்டுநரின் தைரியத்தை பிரேக் போடும் இடத்தை வைத்து அளப்பது நம் பழக்கமாகிவிட்டது. காருக்குள் இருக்கும் கேமராவில் தூரப் பலகைகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போகும். கடைசிப் பலகையில் ஒருவர் மிதித்தால் வர்ணனையாளர் குரல் உயரும். நம் ஊர் ரசிகனின் கண் பழகியதும் அப்படித்தான். சோழவரத்தில் பந்தயம் நடந்தது இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுபாதையில். சில்வர்ஸ்டோன் பந்தயத் தடம் அப்போது பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானத் தளம். செப்ரிங் தடம் அமெரிக்க ராணுவத்தின் விமானப் பயிற்சித் தளமாக இருந்தது. ஓடுபாதையில் பந்தயம் வைத்தால் நேர்ச்சாலை நீளமாகவும் அதன் முடிவு திடீரென்றும் இருக்கும். கூட்டம் அந்த முடிவில்தான் நிற்கும். அங்கே கடைசியாக பிரேக் போடுகிறவன்தான் வீரன்.

விமானத்தை ஓட்டியவர்கள் அப்படி நினைக்கவில்லை. கொரியப் போரில் பறந்த அமெரிக்க விமானி ஜான் பாய்டு, தாமஸ் கிறிஸ்டி என்ற கணித வல்லுநரோடு சேர்ந்து 1960-களின் தொடக்கத்தில் போர் விமானங்களை ஆற்றல் கணக்கில் அலசினார். உச்ச வேகத்தையும் எவ்வளவு உயரம் ஏறும் என்பதையும் விட, ஒரு திருப்பத்தில் விமானம் எவ்வளவு ஆற்றலை இழக்கிறது, இழந்ததை எவ்வளவு சீக்கிரம் மீட்கிறது என்பதே சண்டையைத் தீர்க்கும் என்றார். 1974-ல் முதன்முதலாகப் பறந்த எஃப்-16 அந்தச் சிந்தனையில் வளர்ந்த விமானம். வால் இல்லாத டெல்டா இறக்கை விமானங்களுக்கு நேர்மாறான குணம் உண்டு: முதல் நொடியில் மூக்கைப் பிரமாதமாகத் திருப்பும், பிறகு வேகம் கரைந்துகொண்டே போகும். அந்த முதல் நொடியில் எதிரியை வீழ்த்திவிட்டால் சரி. தவறினால் வேகமும் இல்லாமல் உயரமும் இல்லாமல் வானத்தில் மாட்டிக்கொள்ளும்.

கடைசிப் பலகையில் பிரேக் மிதிக்கிறவர் ஓட்டுவது டெல்டா இறக்கை. நம்மாள் ஓட்டுவது எஃப்-16.

அவர் செய்வதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத் தடத்தின் முல்சான் நேர்ச்சாலையில், வேகத்தைக் குறைக்க வைத்த வளைவான ஷிக்கேனை ஜிடி கார் நெருங்கும்போது மணிக்கு 280 கி.மீ. அளவில் போகும். காற்றைக் கிழிக்கத் தேவைப்படும் சக்தி வேகத்தின் முப்படியில் ஏறும். 200-ல் தேவைப்படுவதைப் போல் 280-ல் ஏறக்குறைய 2.7 மடங்கு. அந்தக் கடைசி நூறு மீட்டரில் எஞ்சின் குடிக்கிற பெட்ரோலுக்கு வேகமானி முள் அசைவதுகூடக் கண்ணுக்குத் தெரியாது. அங்கே காலை எடுத்து உருளவிட்டால் இழக்கிற நேரம் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மிச்சமாகும் பெட்ரோலோ ஒவ்வொரு சுற்றிலும் ஐந்தாறு இடங்களில் சேர்ந்துகொண்டே போகும். 24 மணி நேரத்தில் அது ஒரு பிட் நிறுத்தத்தையே இல்லாமல் ஆக்கக்கூடிய தொகை.

பெட்ரோல் சேமிப்பு என்றதும் ‘அது அணிக்காரர்கள் ரேடியோவில் சொல்லிக்கொடுத்தது’ என்பார்கள். எப்போது சேமிக்க வேண்டும் என்று அணி சொல்லலாம். எந்த வளைவில், எத்தனை மீட்டர், பின்னால் வருகிறவனுக்கு எவ்வளவு இடம் விட்டு என்பதை ரேடியோவில் சொல்ல முடியாது. பின்னால் நெருக்கிக்கொண்டு ஒருவர் வரும்போது இவர் காலை எடுப்பதே இல்லை. இடைவெளி ஒரு நொடியைத் தாண்டிய மறு சுற்றில் மறுபடி ஆரம்பிக்கிறார். முழுப் பந்தயத்தையும் பார்க்காமல் துண்டு வீடியோக்களைப் பார்க்கிறவர்களுக்கு இது பிடிபடாது.

பெட்ரோல் பாதிக் கதைதான். பிரேக்குக்கு வருவோம். 1,300 கிலோ கார் 280-லிருந்து 110-க்கு இறங்கும்போது மூன்று மெகாஜூலுக்கு மேல் ஆற்றல் எங்காவது போக வேண்டும். பத்து லிட்டர் பச்சைத் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைக்கப் போதுமான வெப்பம் அது. தாமதமாக மிதிப்பவர் ஏறக்குறைய அத்தனையையும் டிஸ்க்கிலும் பேடிலும் இறக்குகிறார். அந்தச் சூடு சக்கரத்துக்குப் போய், டயருக்குப் போய், அடுத்த வளைவில் முன்பக்கம் வழுக்கும். நம்மாள் அதில் ஒரு பங்கைக் காற்றிடம் விட்டுவிடுகிறார். காற்று தேயாது, அதை மாற்ற பிட்டுக்கு வர வேண்டியதும் இல்லை. விமானங்களில் இருந்த டிஸ்க் பிரேக்கை மாட்டிக்கொண்டு 1953-ல் லெ மான்ஸை வென்ற ஜாகுவார் சி-டைப்பைப் பற்றி இன்றும் பேசுகிறோம். டிரம் பிரேக் கார்கள் மணிக்கணக்கில் ஓடி பிரேக் தளர்ந்துபோன நேரத்திலும் அதன் பிரேக் நம்பகமாக நின்றது. அது ஒரு இரவு முழுக்கத் தாங்கிய பிரேக் என்பதை மறந்துவிட்டு, தாமதமாக பிரேக் போட்ட கார் என்று மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம்.

இன்றைய ஜிடி கார்களில் ஏபிஎஸ் இருக்கிறது. கடைசிப் பலகையில் ஓங்கி மிதிப்பதற்கு முன்பிருந்த விலை இப்போது இல்லை. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் கணினி பார்த்துக்கொள்கிறது. ஆகவே அந்தத் தைரியத்தைக் கொண்டாடுவதில் எனக்கு ஆர்வம் குறைந்துவிட்டது. காலை எடுத்தபின் காரின் எடை முன்னால் சாய்வதை உணர்ந்து, பிரேக்கை மெதுவாக விட்டுக்கொண்டே ஸ்டியரிங்கைத் திருப்பி, வளைவின் நடுவுக்கு முன்பே மறுபடி ஆக்சிலரேட்டருக்குப் போவதற்கு எந்தக் கணினியும் வராது. லெ மான்ஸின் டெர்த்ர் ரூஜ் வளைவில் அவர் வெளியேறும் வேகத்தைப் பாருங்கள். அதன் பிறகு வருவது ஆறு கிலோமீட்டர் முல்சான். உள்ளே நுழையும்போது அவரைத் தாண்டியவர்கள் அந்தச் சாலையில் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே ஓட்டுகிறார்கள்.

கண்ணுக்கும் காதுக்கும் எட்டுவதை மட்டும் கொண்டாடும் இதே கோளாறை டாங்கி ரசிகர்களிடமும் பார்க்கிறேன். அமெரிக்க ஏப்ரம்ஸிலும் ஜெர்மானிய லெப்பர்டு 2-லும் இருப்பது 1,500 குதிரைத்திறன். ஏப்ரம்ஸின் டர்பைன் எழுப்பும் சத்தத்துக்குக் கைதட்டுகிறோம். அந்த டர்பைன் நின்ற இடத்தில் ஓடும்போதும் எரிபொருளைக் குடித்துத் தீர்க்கும். 1991 வளைகுடாப் போரில் எரிபொருள் லாரிகள் டாங்கிகளை எட்டிப் பிடிப்பது தளபதிகளுக்குப் பெரிய கவலையாக இருந்தது. வரைபடத்தில் அம்புக்குறி எவ்வளவு தூரம் நீளும் என்பதை லாரிதான் முடிவு செய்தது. ஆவடியில் டாங்கிகள் கட்டுகிற ஊர்க்காரர்கள் நாம். இது நமக்குச் சுலபமாகப் புரிய வேண்டும்.

இருட்டிய பிறகு அவரைக் கவனிக்கச் சொல்வேன். ஷிக்கேனில் மற்றவர்களின் முன் சக்கரங்களுக்குள் டிஸ்க் ஆரஞ்சு நிறத்தில் எரியும். அவருடையது தாமதமாகச் சிவந்து சீக்கிரம் அணையும். காட்சி இல்லாவிட்டால் ஒலியைக் கேளுங்கள்: மற்ற கார்களின் முழக்கம் பிரேக்கில் வெட்டுப்படும், அவருடையது அதற்கு முன்பே ஒரு மூச்சளவு தணிந்திருக்கும்.

இனி என்ன நடக்கும்? விதிகள் அவர் பக்கம் வந்துகொண்டிருக்கின்றன. உலக நீடித்த கார்ப் பந்தயத் தொடரில் ஒரு ஸ்டிண்டுக்கு (இரு பிட் நிறுத்தங்களுக்கு இடைப்பட்ட ஓட்டத்துக்கு) இவ்வளவு ஆற்றல்தான் என்று ஏற்கெனவே அளந்து கொடுக்கிறார்கள். ஃபார்முலா ஈ தொடங்கிய நாளிலிருந்தே காலை எடுத்து உருளவிடுவதில்தான் ஓடுகிறது. ஃபார்முலா 1-ல் 2026 விதிகளின்படி மின்மோட்டார் 120 கிலோவாட்டிலிருந்து 350-க்குப் போகிறது. மொத்தச் சக்தியில் ஏறக்குறைய பாதி பேட்டரியிலிருந்து வர வேண்டும், அந்த பேட்டரியை ஓடிக்கொண்டே நிரப்ப வேண்டும். கார்ட் காலத்திலிருந்து தாமதமாக மிதிக்க மட்டுமே பழகிய இளைஞர்கள் ஓரிரு பருவங்கள் திணறுவார்கள். நேர்ச்சாலையின் நடுவே பேட்டரி தீர்ந்து, தாங்கள் முந்திய கார்களே தங்களை முந்திப்போவதைப் பார்ப்பார்கள்.

நம்மாளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அடுத்த லெ மான்ஸில் சனிக்கிழமை மாலை அவர் பின்தங்குவார். முதல் நான்கு மணி நேரத்துக்கு ஏளனம் செய்ய ஏராளமாகக் கிடைக்கும். ஞாயிறு காலை மற்றவர்கள் பிரேக் மாற்ற பிட்டில் நிற்கும்போது அவர் பாதையில் இருப்பார். மழை வந்தால் இன்னும் சீக்கிரம், விடிவதற்குள்ளேயே, முன்வரிசைக்கு வந்துவிடுவார். கடைசி ஸ்டிண்டை அணி அவரிடம்தான் கொடுக்க வேண்டும். கொடுத்தால் அந்த ஒரு மணி நேரத்தில் அவர் காலை எடுக்கவே மாட்டார்.