இறை மரபணு: எடைபோடப்படாத சான்று

அமெரிக்க மரபணுவியலாளர் டீன் ஹேமர் 2004இல் எழுதிய ‘தி காட் ஜீன்’ போன்ற நூல்கள் வெளிவருகையில் நம்மிடையே இருவகை எதிர்வினைகள் எழுவதுண்டு. இறைநம்பிக்கையை உடற்கூற்றுக்குள் அடைப்பதாகச் சினம் கொள்வோர் ஒருசாரார். ஃபித்ராவை அறிவியலே மெய்ப்பித்துவிட்டதென அகமகிழ்வோர் மறுசாரார். சான்றை எடைபோட்டுப் பார்ப்போர் சிலரே.

புகைப்பழக்க ஆய்வுக்கெனத் திரட்டப்பட்ட ஏறத்தாழ ஆயிரம் பேரிடம், ராபர்ட் குளோனிங்கர் வகுத்த வினாத்தாளின் துணைகொண்டு ‘தன்னைக் கடத்தல்’ என்னும் மனப்பண்பை ஹேமர் அளந்தார். செரோட்டோனின், டோபமைன் முதலிய மூளை வேதிப்பொருள்களைக் கையாளும் விஎம்ஏடி2 மரபணுவில் ஓரெழுத்து மாறியிருந்தோர் சற்றே கூடுதல் மதிப்பெண் பெற்றனர். மனிதரிடையேயான வேறுபாட்டில் அம்மாற்றம் விளக்குவது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மேலும், இயற்கைக் காட்சியில் மெய்மறக்கும் நாத்திகரும் அவ்வினாத்தாளில் உயர்மதிப்பெண் பெறக்கூடும். அது இறைநம்பிக்கையின் அளவுகோல் அன்று என்பதை ஹேமரே நூலுள் ஒப்புக்கொள்கிறார், தலைப்புத்தான் ஒப்புக்கொள்ளவில்லை!

இவ்வாய்வுமுறையின் பிற்கால வரலாறும் நோக்கத்தக்கது. செரோட்டோனின் கடத்தி மரபணுவை எளிதில் கலங்கும் இயல்போடு இணைத்த 1996ஆம் ஆண்டு ஆய்வில் ஹேமரும் பங்கேற்றார். ஆய்வுக்குட்பட்டோர் 505 பேர். அவ்வியல்பு மனச்சோர்வு நோய்க்கு இட்டுச்செல்லக்கூடியது என்பதால் மருத்துவ உலகம் பெரிதும் நம்பிக்கை கொண்டது. ஆனால் 2019இல், அம்மரபணு உட்பட மனச்சோர்வுக்குக் காரணமெனக் கருதப்பட்ட 18 மரபணுக்களை இலட்சக்கணக்கானோரிடம் சோதித்தபோது, குருட்டாம்போக்கில் எடுத்த மரபணுக்களைவிட அவை சிறந்தவையாகத் தோன்றவில்லை. கலங்கும் இயல்பில் மரபின் பங்கு உண்டு. இரட்டையர் ஆய்வுகள் அதனை ஏறத்தாழ 40 விழுக்காடு என மதிப்பிடுகின்றன. ஆனால் அது எண்ணற்ற மரபணுக்களில் துளித்துளியாகச் சிதறிக் கிடக்கிறது. 2018ஆம் ஆண்டு ஆய்வொன்று மட்டுமே 136 மரபணு இடங்களைக் காட்டியது. ஃபித்ராவுக்கு விஎம்ஏடி2ஐச் சான்றாக்கியவர்கள் எத்துணை மெல்லிய இழையில் அதனைத் தொங்கவிட்டனர்!

உருவத்தை மாற்றவியலாதது போலக் குணத்தையும் மாற்றவியலாது என்றோரை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) ‘இஹ்யா’வில் மறுக்கிறார். பேரீச்சங்கொட்டை பேரீச்சமரமன்று, பேணி வளர்த்தால் மரமாகும் தன்மையது என்பது அவர் காட்டும் உவமை. பிறவியியல்பை அவர் மறுக்கவில்லை. சிலர் விரைவில் திருந்துவர், சிலர் தாமதிப்பர் என்கிறார். அத்தாமதத்திற்கு இயல்பின் வலிமையையும் அது நிலைத்திருந்த காலத்தையும் காரணமாகக் காட்டுகிறார்.