மைனஸ் முதலில்

பைக் பேட்டரி மாற்றுவதைப் பலரும் ஒரு வேலையாகவே மதிப்பதில்லை. எனக்கு அதைப் பக்கத்தில் நின்று பார்க்கப் பிடிக்கும். செல்ஃபை அழுத்தினால் ரிலே மட்டும் 'டக் டக்' என்கிறது, ஹாரன் கம்மிப்போய் ஒலிக்கிறது. நல்ல மெக்கானிக் உடனே புது பேட்டரியை எடுக்க மாட்டார். மல்டிமீட்டரை வைப்பார். முழுசாக சார்ஜ் ஏறிய ஈய-அமில பேட்டரி 12.6 வோல்ட்டாவது காட்ட வேண்டும். பிறகு வண்டியை கிக்கரில் கிளப்பி, ஆக்சிலேட்டரை முறுக்கி மறுபடி பார்ப்பார். 14 வோல்ட்டை ஒட்டி ஏறினால் சார்ஜிங் சரி. அப்படியும் சார்ஜ் தங்கவில்லையென்றால்தான் பேட்டரியைக் கைவிடுவார். இந்தப் பொறுமைக்காகவே அவரிடம் வண்டியை விடலாம்.

கழற்றும்போது மைனஸ் முதலில். வண்டியின் சேஸிஸ் முழுக்க மைனஸோடு இணைந்தது. பிளஸ்ஸில் கை வைத்திருக்கையில் ஸ்பேனர் இரும்பில் பட்டால் பொறி பறக்கும். மாட்டும்போது பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். ஒயர் முனைகளில் வெள்ளையாய்ப் பூத்திருக்கும் உப்பை வெந்நீரில் கரைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துத் துடைப்பார். நட்டை முடுக்கியபின் விரல்நுனியில் துளி வாஸ்லைன் எடுத்துத் தடவுவார். அந்தத் தடவல் அவ்வளவு அழகு!

1859-இல் பிரெஞ்சுக்காரர் காஸ்தோன் பிளான்டே அமைத்த ஈயத் தகடும் கந்தக அமிலமும்தான் இன்றும் சீட்டுக்கடியில் ஆறு அறைகளாக உட்கார்ந்திருக்கின்றன. கழற்றிய பழைய பேட்டரிக்கும் மதிப்பு உண்டு. கடைக்காரர் அதை எடுத்துக்கொண்டு விலையில் கழித்துவிடுவார். உள்ளேயிருக்கும் ஈயத்தை உருக்கினால் மறுபடி தகடு வார்க்கலாம்.